ஷெட்டுல சத்தம் ஜாஸ்தியா இருக்கா, மொதல்ல எந்த மிஷின் கத்துதுனு பாருங்க

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில ஒரு சின்ன பிரஸ் ஷாப்னு வச்சுக்குவோம். தகடு வெட்டுற பவர் பிரஸ் நாலு, ஷெட்டு மூலையில காத்தை அமுக்கிக் குடுக்குற ஒரு பழைய பிஸ்டன் கம்ப்ரசர். நடுவுல நின்னு மீட்டர் வச்சுப் பாத்தா கம்ப்ரசர் தனியா ஓடுறப்ப 100 டெசிபெல், ஒவ்வொரு பிரஸ்ஸும் தனித்தனியா 88. எல்லாம் சேந்து ஓடுனா எவ்வளவு வரும்னு கேட்டா அப்படியே கூட்டி 452னு சொல்ற ஆளுங்க இருக்காய்ங்க, ஆனா மீட்டர்ல வர்றது 101தான். டெசிபெல்லுங்கிறது லாகரிதம் கணக்கு, அதுல சாதா கூட்டல் செல்லாது. ஒரே அளவு சத்தம் போடுற ரெண்டு மிஷின் சேந்தா 3 கூடும், பத்து மிஷின் சேந்தா 10 கூடும், அம்புட்டுதான்.

இதுல இருந்து வர்ற சமாச்சாரம்தான் முக்கியம். முதலாளி நாலு பிரஸ்ஸையும் மொத்தமா நிறுத்திட்டாருனே வைங்க, 101 வந்து 100 ஆகும், ஒரு டெசிபெல் குறைஞ்சதை காது கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. அதே, பிரஸ் பக்கமே போகாம கம்ப்ரசரை மட்டும் 100ல இருந்து 90க்கு இறக்குனா மொத்தம் 95.5க்கு வந்துரும், ஷெட்டுக்குள்ள நுழையிறவனுக்கே வித்தியாசம் தெரியும். அதனால "எல்லா மிஷினுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பண்ணுவோம்"ங்கிற நியாயமான மனசு சத்தம் விஷயத்துல காசுக்குப் பிடிச்ச கேடு, எது பெருசா கத்துதோ அதை மட்டும் பிடிச்சு அடக்கணும், அது அடங்குனப்புறம் அடுத்தது எதுனு பாக்கணும்.

ஆனா நம்ம ஊர்ல நடக்குறது என்னன்னா, இன்ஸ்பெக்டர் வர்றாருனு தெரிஞ்சதும் ஒரு டப்பா இயர் பிளக் வாங்கி ஆபீஸ் டிராயர்ல போட்டுருவாங்க, இல்லைனா சுவர் பூரா தெர்மாகோல் ஷீட்டும் முட்டை அட்டையும் ஒட்டிருவாங்க. முட்டை அட்டை சத்தத்தைக் குடிக்கும்னு யாரு கிளப்பி விட்டதோ தெரியல, அதுல வெயிட்டும் இல்லை, காத்து உள்ள போய் உரசுற அளவு தடிமனும் இல்லை, தீப்பிடிக்க மட்டும் நல்லா உதவும்.

எந்த மிஷின்னு கண்டுபிடிக்க ஞாயித்துக்கிழமை தோதான நாள். புரொடக்‌ஷன் இல்லாதப்ப ஒரு ஃபிட்டரையும் ஒரு எலக்ட்ரீஷியனையும் வச்சுக்கிட்டு ஒவ்வொன்னா போட்டுப் பாக்கணும், போட்டப்புறம் மிஷினுக்குள்ளயே எந்தப் பாகம்னு இன்னும் இறங்கணும். வி பெல்ட்டைக் கழட்டிட்டு மோட்டாரை மட்டும் ஓட விடுங்க, சத்தம் அப்படியே இருந்தா மோட்டார் ஃபேனோ பேரிங்கோ. ஏர் லைனை மூடிட்டு ஓட்டுங்க, சத்தம் செத்துருச்சுன்னா குற்றவாளி காத்து. பழைய ஃபிட்டர் அண்ணனுங்க நீளமான ஸ்க்ரூ டிரைவரை பேரிங் ஹவுசிங்ல ஊனி கைப்பிடியைக் காதுல வச்சு, "ஏ தம்பி, உள்ள அரைக்குதுடா, கிரீஸ் இல்லை"னு சொல்லுவாங்கல்ல, அது சும்மா பழக்க தோஷம் இல்லை, இரும்பு வழியா அந்த இடத்து அதிர்வு மட்டும் தனியா காதுக்கு வருது. மீட்டர் இல்லைங்கிறவங்க போன் ஆப்பை மிஷினுக்கு மிஷின் ஒப்பிட மட்டும் வச்சுக்கலாம், சட்டக் கணக்குக்கு காலிபரேஷன் பண்ண மீட்டர்தான் வேணும். அதுவும் இல்லையா, கை நீட்டுற தூரத்துல நிக்கிற ஆள்கிட்ட கத்திப் பேச வேண்டியிருந்தா அந்த இடம் 85ஐ தாண்டிருச்சுனு எடுத்துக்கலாம்.

இப்படித் தேடிக்கிட்டுப் போனா முக்கால்வாசி இடத்துல மாட்டுறது காத்துதான். ஏர் கன்னையே எடுத்துக்கங்க. ஏழு கிலோ பிரஷர்ல, நுனியில ஒரு வெறும் காப்பர் பைப்பை நசுக்கி மாட்டி வச்சுருப்பாங்க, அதை வச்சு சிப்ஸ் ஊதுறது, பீஸ் துடைக்கிறது, சாயங்காலம் சட்டை பேன்ட்ல இருக்க தூசியை ஊதுறது வரைக்கும் நடக்கும் (சட்டையில ஊதுறது ஆபத்து, தோல்ல சின்ன காயம் இருந்தா காத்து உள்ள ஏறிரும், தயவுசெஞ்சு வேண்டாம்). ஜெட் காத்தோட சத்தம் அதோட வேகத்தோட எட்டாவது அடுக்குல (வேகத்தை எட்டு தடவை பெருக்குற கணக்கு) ஏறுதுனு லைட்ஹில்ங்கிற கணித மேதை 1952ல ஜெட் இன்ஜினுக்காக கணக்குப் போட்டுக் காட்டுனாரு. வேகத்தைப் பாதியாக்குனா அந்தக் கணக்குப்படி 24 டெசிபெல் குறையணும். ஷெட்டுல அவ்வளவு கிடைக்காது, ஆனா ஒரு ரெகுலேட்டர் போட்டு பிரஷரை இறக்கி, ஒரே ஓட்டைக்கு பதிலா சின்னச் சின்ன துளையா இருக்க சைலன்ட் நாசில் மாட்டுனாலே 10 டெசிபெல் பக்கம் குறையும். அமெரிக்காவுல க்ளீன் பண்ற காத்துக்கு 30 பிஎஸ்ஐதான் உச்சம்னு விதி, அதாவது ரெண்டு கிலோ சொச்சம். இங்க சொன்னா "அண்ணே, ரெண்டு கிலோவுல ஊதுனா தூசி எந்திரிக்காதுண்ணே"ம்பாங்க, நாசிலை நல்லதா போட்டு கிட்டத்துல வச்சு ஊதுனா எந்திரிக்கும்.

ஏர் லீக் இன்னும் மோசம். ராத்திரி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு கம்ப்ரசரை மட்டும் விட்டுட்டு ஷெட்டுக்குள்ள நடந்தா ஸ்ஸ்ஸ்னு அங்கங்க கேக்கும்ல, அது ஒவ்வொன்னும் கரண்ட் பில். ஏழு பார்ல (அதே ஏழு கிலோ பக்கம்தான்) ஒரு மூணு மில்லிமீட்டர் ஓட்டைக்கு மட்டும் கம்ப்ரசர் 3 கிலோவாட்டுக்கு மேல தின்னும். ஹோஸ் கிளாம்ப்பும் டெஃப்லான் டேப்பும் எடுத்துக்கிட்டு சோப்புத் தண்ணியோட ஒரு நாள் சுத்துனா போதும், முதலாளிகிட்ட சத்தம்னு பேசுனா காது கொடுக்க மாட்டாரு, யூனிட் கணக்குல பேசுங்க.

ஃபேனும் அதே கதைதான். மதுரையில 1892ல ஹார்வி மில் வந்ததுல இருந்து பாத்தா இந்தப் பக்கம், ராஜபாளையம் வரைக்கும், நூல் மில்லை நம்பி வாழ்ந்த குடும்பங்கதான் எத்தனை. ஸ்பின்னிங் மில்லுல ரிங் ஃபிரேம் மிஷின்ல நூலை முறுக்குற ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 15,000 சுத்துக்கு மேல ஓடும், அந்த இரைச்சலை முழுசா ஒழிக்க வழி கிடையாது, பேரிங்கும் ஸ்பிண்டிலைச் சுத்த வைக்கிற டேப்பும் ஒழுங்கா பராமரிச்சா கொஞ்சம் மட்டுப்படும். ஆனா மில்லுக்குள்ள காத்து ஈரத்தைச் சரியா வைக்கிற ஹியுமிடிட்டி பிளான்ட்ல இருக்க பெரிய பெரிய ஃபேன் அப்படி இல்லை, அது எல்லா நேரமும் முழு வேகத்துல ஓடணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. ஃபேனோட வேகத்தை 20 சதவீதம் குறைச்சா சத்தம் கிட்டத்தட்ட 5 டெசிபெல் இறங்கும், கரண்ட்டு பாதியாகும், ஏன்னா ஃபேன் இழுக்குற பவர் வேகத்தோட மூணாவது அடுக்குல போகுது, 0.8ஐ மூணு தடவை பெருக்கிப் பாருங்க, 0.51 வரும். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு விஎஃப்டி டிரைவ் மாட்டுன காசு கரண்ட் பில்லுலயே திரும்பிரும், சத்தம் குறைஞ்சது இனாம். மார்கழி ராத்திரி ஷிஃப்ட்டுக்கும் சித்திரை மத்தியானத்துக்கும் ஒரே காத்து எதுக்கு?

அந்த ஃபேன்ல ஒரு தனி ஸ்வரம் கேட்டா அதையும் கணக்குல பிடிக்கலாம். 1440 ஆர்பிஎம்ல சுத்துற ஆறு இறக்கை ஃபேன்னா, 1440ஐ 60ஆல வகுத்தா செகண்டுக்கு 24 சுத்து, ஆறால பெருக்குனா 144 ஹெர்ட்ஸ். ஊஊஊனு இழுக்குற சத்தம் அந்த இடத்துல இருந்தா இறக்கைக்கு முன்னாடி ஏதோ ஆங்கிளோ தகடோ காத்தை மறிக்குதுனு அர்த்தம், அதைக் கொஞ்சம் தள்ளி வச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

அடுத்தது அதிர்வு, இதுலதான் நல்ல காசு போட்டும் பலன் கிடைக்காம போறது. மிஷின் அதிருது, அந்த அதிர்வு தரைக்குப் போயி, தரையில இருந்து தூணுக்கும் தகரக் கூரைக்கும் ஏறி, கூரை மொத்தமும் ஸ்பீக்கர் மாதிரி பேசுது. இதுக்கு ரப்பர் மவுன்ட் போடணும்னு எல்லாருக்கும் தெரியும், மதுரை டயர், பெல்ட், ரப்பர் பார்ட்ஸுக்குப் பேர் போன ஊரு, ரப்பர் மோல்டிங் பண்றவங்களைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஆனா எந்த ரப்பர், எம்புட்டு கெட்டிங்கிறதுலதான் விஷயம். 1440 ஆர்பிஎம் மோட்டார்னா 24 ஹெர்ட்ஸ் அதிர்வு. மவுன்ட்டோட சொந்த அதிர்வு அதுல மூணுல ஒரு பங்கு, அதாவது 8 ஹெர்ட்ஸா இருந்தா தரைக்கு எட்டுல ஒரு பங்கு அதிர்வுதான் இறங்கும். 8 ஹெர்ட்ஸ் வேணும்னா மிஷினை மவுன்ட் மேல உக்கார வச்சதும் அது கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் அமுங்கணும். ஸ்கேல் வச்சு அளந்துரலாம். பழைய டயரை வெட்டி அடியில போட்டா அது அரை மில்லிமீட்டர் கூட அமுங்காது, சில நேரம் மிஷினோட வேகமும் ரப்பரோட சொந்த அதிர்வும் ஒன்னாயிருச்சுனா முன்ன இருந்ததை விட ஜாஸ்தியா ஆடும்.

சரி, சரியான மவுன்ட்டே வாங்கியாச்சு, வந்து மாட்டுறவரு ஆங்கர் போல்ட்டை ரப்பர் வழியா விட்டு ஸ்பேனருக்குப் பைப் போட்டு தம் கட்டி இறுக்கிருவாரு, "ஆடாம இருக்கணும்ல சார்"னு ஒரு விளக்கம் வேற. அவ்வளவுதான், போல்ட்டு இரும்பு, தரை கான்கிரீட்டு, நடுவுல ரப்பர் இருந்தும் இல்லாத மாதிரி. போல்ட்டுக்கும் ரப்பர் புஷ் வேணும், வாஷருக்கு அடியிலயும் ரப்பர் வேணும், அது மட்டும் இல்ல, மிஷினுக்கு வர்ற பைப்பு, கேபிள் ட்ரே, டக்ட் எல்லாத்துக்கும் வளையிற மாதிரி ஒரு துண்டு இடையில இருக்கணும். ஒரே ஒரு ஜிஐ பைப் சுவர்ல கிளாம்ப் ஆயிருந்தா போதும், மொத்த அதிர்வும் அந்த வழியா நைசா போயிரும்.

பிரஸ்ஸு, தகடு வேலை எல்லாம் மோதல் சத்தம். இதுல செலவே இல்லாத வேலை நிறைய இருக்கு. பீஸ் ரெண்டடி உசரத்துல இருந்து இரும்புத் தொட்டிக்குள்ள விழுகுதா, தொட்டியை மேல ஏத்துங்க, உள்ள பழைய கன்வேயர் பெல்ட்டை ஒட்டுங்க. பஞ்ச்சோட (தகடை வெட்டுற மேல் அச்சு) மொகத்தைத் தட்டையா வச்சா தகடு முழுசும் ஒரே அடியில அறுந்து டமார்ங்கும், கொஞ்சம் சாய்ச்சுக் கிரைண்ட் பண்ணா கத்தரிக்கோல் வெட்டுற மாதிரி படிப்படியா அறுபடும், டைக்கும் (கீழ் அச்சு) ஆயுசு கூடும். ஆடுற பாதுகாப்பு மூடித் தகடை மாத்தி ரெண்டு தகடுக்கு நடுவுல ரப்பர் பசை லேயர் வச்சு ஒட்டுனது போட்டா அது மணி அடிக்கிறது நின்னுரும். மேலூர்ப் பக்கம் கிரானைட் அறுக்குற இடத்துல வட்ட பிளேடு கிறீச்சுனு காதைக் கிழிக்கும்ல, அதுக்கும் இதே தத்துவத்துல நடுவுல லேயர் வச்ச சைலன்ட் பிளேடுனு தனியா வருது, விலை கூடத்தான், ஆனா சத்தம் நல்லா குறையும்.

இதெல்லாம் பண்ணியும் அடங்கலைன்னாதான் கூண்டு கட்டுறதைப் பத்தி யோசிக்கணும். கூண்டுல மூணு விஷயம். வெளித் தகடு வெயிட்டா இருக்கணும், வெயிட் ரெட்டிப்பானா சுமார் 6 டெசிபெல் கூட நிப்பாட்டும். உள்ள 50 மில்லிமீட்டர் ராக் வுல்லோ கிளாஸ் வுல்லோ வச்சு ஓட்டை போட்ட ஜிஐ ஷீட்டால மூடணும், அது இல்லாம வெறும் தகடுக் கூண்டு கட்டுனா சத்தம் உள்ளயே முட்டி மோதி ஏறி தகடு வழியா வெளிய வந்துரும். மூணாவது சந்து. கூண்டோட பரப்புல நூத்துல ஒரு பங்கு ஓட்டை இருந்தா போதும், சுவர் எவ்வளவு தடிமனா இருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல தடுக்காது. கதவுக்கு அடியில விரல் நுழையிற சந்து, கேபிள் போற ஓட்டை, கண்ணாடிக்கு ஓரம், இதுல எல்லாம் காசு கரைஞ்சு போகும். அதே சமயம் மதுரை வெயில்ல மோட்டாரையோ கம்ப்ரசரையோ காத்து புகாம மூடுனா மத்தியானமே ட்ரிப் ஆகும், அதனால காத்து உள்ள வர ஒரு டக்ட், சூடு வெளிய போக ஒரு டக்ட், ரெண்டும் உள்பக்கம் வுல் ஒட்டி ஒரு வளைவோட இருக்கணும், காத்து வளைஞ்சு போயிரும், சத்தம் சுவர்ல முட்டி வுல்லுல செத்துரும். நூல் மில்லுல இந்த வுல் வேலையை ரொம்ப யோசிச்சுப் பண்ணணும், பஞ்சுத் தூசி போய் அடைஞ்சா சத்தமும் உறிஞ்சாது, ஒரு தீப்பொறி போதும். மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம்ல சுத்துன பேனல், அதையும் வாரவாரம் துடைக்கிற ஆளு, ரெண்டும் இருந்தா மட்டும் போடுங்க. கூரையில தொங்க விடுற பேனலைப் பத்தி ஒன்னு, அது தூரத்துல நிக்கிறவங்களுக்கு 3, 4 டெசிபெல் குறைக்கும், மிஷின் பக்கத்துலயே நிக்கிற ஆபரேட்டருக்கு ஒன்னும் குறைக்காது, அவருக்கு வர்றது நேரடி சத்தம்.

காது எப்படிப் போகுதுங்கிறதையும் சொல்லிரணும். உள்காதுல இருக்க மயிர்ச் செல்லு ஒருதடவை செத்தா திரும்ப முளைக்காது. மொதல்ல போறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், ஆடியோகிராம்ல அந்த இடத்துல ஒரு பள்ளம் தெரியும். பேச்சுல அது ச, ட, ஸ மாதிரி எழுத்தோட இடம், அதனால ஆளுக்கு சத்தம் கேக்கும், பேச்சு புரியாது. வீட்டுல "ஏங்க, காதுல விழலையா"னு கேட்டா "விழுகுது, நீ முணுமுணுக்குற"ம்பாரு, சண்டை வரும், காதுல வண்டு ரீங்காரம் மாதிரி ராத்திரி பூரா ஓடும், டிவி சத்தம் கூடிக்கிட்டே போகும், இதையெல்லாம் வயசாயிருச்சுனு தள்ளிருவாங்க, ஆளுக்கு நாப்பதுதான் ஆயிருக்கும்.

நம்ம ஃபேக்டரி விதிகள்ல 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல், 95னா 4 மணி நேரம், 100னா 2 மணி நேரம், 115க்கு மேல ஒரு நிமிஷம் கூட கூடாது. அமெரிக்காவோட நியாஷ் ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற அளவு 85, அதுல 3 டெசிபெல் ஏறுனாலே நேரம் பாதி, அப்படிப் பாத்தா 100 டெசிபெல்ல 15 நிமிஷம்தான். ரெண்டு மணி நேரம் எங்க, கால் மணி நேரம் எங்க! சட்டத்துக்குள்ள இருக்கோம்ங்கிறதுக்காக காது தப்பிச்சதா நினைக்கக் கூடாது, அதுவும் 12 மணி நேர ஷிஃப்ட் ஓட்டுற இடத்துல 8 மணி நேரக் கணக்கே பொருந்தாது. சத்தத்தால வர்ற செவிட்டுத்தன்மை அரசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டிய தொழில் நோய். ஈஎஸ்ஐ காப்பீட்டுலயும் தொழில் நோய்ப் பட்டியல்ல இருக்கு, நஷ்டஈடு கேக்க வழி உண்டு, ஆனா வேலைக்குச் சேர்றப்ப எடுத்த காது டெஸ்ட் ரிப்போர்ட் இல்லைன்னா எப்ப போச்சுனு நிரூபிக்கிறது பெரும்பாடு. சேர்ற அன்னைக்கே ஒரு ஆடியோகிராம் (காது டெஸ்ட் வரைபடம்) எடுத்து காப்பியை வீட்டுல வையுங்க.

இயர் பிளக்கை நான் கேலி பண்ணல, அது கடைசி வேலி, அதை முதல் வேலியா வைக்கிறதுதான் கோவம். 30 டெசிபெல் பாதுகாப்புனு டப்பாவுல போட்டுருந்தாலும் 8 மணி நேரத்துல அரை மணி நேரம் கழட்டி வச்சா மொத்தப் பலன் 12 டெசிபெல்லா சுருங்கிரும், கணக்கு அப்படி. வேர்த்து ஒழுகுற வைகாசியில யாரு எட்டு மணி நேரமும் போட்டுருப்பா? நுரை பிளக்கை உருட்டி, இன்னொரு கையால காது மடலை மேல இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, விரியிற வரைக்கும் விரல்ல அமுக்கி வைக்கணும், சும்மா வாசல்ல சொருகி வச்சா தோடு போட்ட மாதிரிதான்.

வெளிய இருக்கவங்க விஷயம் தனி. கே.புதூர் சிட்கோ மாதிரி இடத்துல எஸ்டேட்டைச் சுத்தி இப்ப பூரா வீடு. 2000வது வருஷ சத்த விதிப்படி தொழில் பகுதியில பகல்ல 75, ராத்திரி 70, குடியிருப்புல பகல்ல 55, ராத்திரி 45. ராத்திரிங்கிறது 10 மணியில இருந்து காலை 6 மணி வரை. காம்பவுண்டுக்கு உள்ள நின்னு 70தானேனு சொல்லித் தப்பிக்க முடியாது, அந்தப் பக்கம் ஜன்னல்ல 45 தாண்டுனா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் போகும். கரண்ட் போனா போடுற ஜெனரேட்டர்தான் இதுல முதல் வில்லன், 2005ல இருந்து தயாரான 1000 கேவிஏ வரைக்கும் உள்ளது கூண்டோடதான் வரணும், ஒரு மீட்டர் தூரத்துல 75 தாண்டக் கூடாது. ஆனா சூடாகுதுனு அந்தக் கூண்டுக் கதவைத் திறந்து போட்டு, கதவுக்கு செங்கல் முட்டுக் குடுத்து ஓட்டுற இடம் எத்தனை. ரேடியேட்டரைக் கழுவுங்க, முன்னாடி அடுக்கி வச்ச அட்டைப் பெட்டியை எடுங்க, கதவைச் சாத்துனாலே புகார்ல பாதி நிக்கும். எக்ஸாஸ்ட் பைப்பும் ப்ளோயர் வாயும் வீட்டுப் பக்கம் பாத்துருந்தா ரோட்டுப் பக்கம் திருப்புங்க, அது ஒரு எல்போ செலவு.

புது மிஷின் வாங்குறவங்களுக்கு இது எல்லாத்தையும் விட சுலபம், பர்ச்சேஸ் ஆர்டர்லயே ஒரு வரி எழுதணும்: லோடுல ஓடுறப்ப, ஒரு மீட்டர் தூரத்துல, ஆபரேட்டர் நிக்கிற இடத்துல இத்தனை டெசிபெல், நம்ம ஷெட்டுல வந்து மாட்டுனப்புறம் அளப்போம், தாண்டுனா கடைசித் தவணை நிக்கும். லோடுங்கிற வார்த்தை கண்டிப்பா இருக்கணும், ஏன்னா கேட்லாக்ல போடுற நம்பர் பெரும்பாலும் சும்மா ஓடுறப்ப எடுத்தது. விக்கிறவரு மொதல்ல "அதெல்லாம் யாரும் கேக்குறது இல்லையே சார்"ம்பாரு, ரெண்டாவது கொட்டேஷன்ல சைலன்சர், கனோபி (கூண்டு) எல்லாம் தானா சேந்து வரும்.